கண் ஓடும், கண் ஏறும், கண் வளரும்

போன வருஷம் அம்மாவின் கண்புரை அறுவைக்காக மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி. சொட்டு மருந்து விட வந்த பெண், "எத்தனை நாளா இப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்டாள். "கண்ணு பூத்து ரெண்டு வருசமாச்சு தாயி" என்றார் பாட்டி.

எனக்குச் சட்டென்று உறைத்தது. "உனக்காகக் காத்திருந்து கண்ணே பூத்துப் போச்சு" என்று வாழ்நாளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பூ என்ன பூ என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மல்லிகை பூப்பதுபோல ஏதோ என்றுதான் மனதில் இருந்தது. பாட்டி சொன்னது வேறு. ஊறுகாய் பூத்துப்போனது என்கிறோமே, நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அந்தப் பூத்தல். மேலே வெள்ளையாக ஒரு படலம் படர்வது. கண்ணின் நடுவில் வெண்மை தட்டினால் கிராமத்தில் இன்றும் "கண்ணில் பூ விழுந்திருக்கு" என்றுதான் சொல்வார்கள். கருவிழியில் புண் ஆறிய தழும்பாக இருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் வில்லை மங்கிய புரையாக இருந்தாலும் சரி, பெயர் ஒன்றுதான். அப்படியானால் காத்திருந்து கண் பூத்தது என்பதற்கு, வழியையே பார்த்துப் பார்த்துப் பார்வை வெளுத்துப்போனது என்று பொருள். நாம் சாதாரணமாகப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு சொல்லும் வாக்கியம் அது!

திருக்குறளில் இதே படம் இருக்கிறது. பிரிந்துபோனவனுக்காகக் காத்திருக்கும் பெண், "வாளற்றுப் புற்கென்ற கண்ணும்" என்று தன் கண்ணைப் பற்றிச் சொல்கிறாள். வாள் என்றால் இங்கே ஒளி. ஒளி போய்க் கண் மங்கிவிட்டது. அவன் போன நாட்களைச் சுவரில் கோடு போட்டு, தொட்டுத் தொட்டு எண்ணியதில் விரலும் தேய்ந்துவிட்டது என்கிறது அந்த 1261-ஆம் குறள். பாட்டியின் சொல்லும் குறளின் சொல்லும் வேறு வேறு. கண்ட காட்சி ஒன்று.

கண்ணை வைத்துத் தமிழில் இருக்கும் தொடர்களுக்கு அகராதி பொருள் சொல்லிவிடும். கண்ணயர்தல் என்றால் தூங்குதல், கண்கூடு என்றால் நேரில் கண்டது, முடிந்தது. ஆனால் அந்தத் தொடர் எந்தப் படத்திலிருந்து வந்தது என்பது அகராதியில் அகப்படாது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு சில மாதங்களாக இந்தப் படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடத் தேட ஒன்று தெளிவாகத் தெரிந்தது.

கண்ணோடு சேரும் வினைகளைச் சொல்லிப் பாருங்கள். கண் ஓடுகிறது. பாய்கிறது. மேய்கிறது. ஒன்றின்மேல் படுகிறது. "கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஒரு ஈ காக்கா இல்லை" என்கிறோம், அதாவது கண் எட்டுகிறது. ஒரு பொருளின்மேல் கண்ணைப் போடுகிறோம், கண் வைக்கிறோம், கண்ணை எடுக்காமல் பார்க்கிறோம். போடுவது, வைப்பது, எடுப்பது, எட்டுவது எல்லாம் கை செய்கிற வேலை. தமிழில் கண் என்பது போய்த் தொடுகிற ஓர் உறுப்பு. வெளிச்சம் பொருளில் பட்டுக் கண்ணுக்குள் வருகிறது என்று இப்போது பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். கண்ணிலிருந்துதான் ஒளி கிளம்பிப்போய்ப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிட் உள்பட பழைய கிரேக்கர் பலர் நம்பினார்கள். 11-ஆம் நூற்றாண்டில் இப்னு அல் ஹைதம் அதை மறுத்து விரிவாக எழுதினார். பாடப்புத்தகம் மாறிவிட்டது. பேச்சில் மட்டும் கண் இன்னமும் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அப்படிப் போகிற கண் ஒருவரைத் தொட்டால் என்ன ஆகும்? தமிழ் இதற்கு இரண்டு பதில் வைத்திருக்கிறது. ஒன்று கண்ணோட்டம், இன்னொன்று கண்ணேறு.

கண்ணோட்டம் என்ற சொல்லை இன்று யார் எந்தப் பொருளில் எழுதுகிறார்கள்? "சமூகக் கண்ணோட்டத்தில்", "வரலாற்றுக் கண்ணோட்டத்தில்", "இவருடைய கண்ணோட்டம் தவறு". ஒருவர் ஒரு விஷயத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்பது மட்டும்தான் இப்போது அதன் பொருள். வள்ளுவர் இதே பெயரில் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 58-ஆவது. அங்கே இந்தச் சொல்லுக்குப் பொருள் இரக்கம். பொதுவான இரக்கம்கூட இல்லை, இன்னும் நுட்பமானது. எதிரே நிற்கும் தெரிந்த மனிதரைப் பார்த்துவிட்ட பிறகு அவர் கேட்பதை மறுக்க வாய் வராமல் போகிறதே, அந்த நெகிழ்ச்சி. பரிமேலழகர் இதற்குப் பெயர்க்காரணமும் சொல்கிறார்: அவர்மேல் கண் சென்றபோது உண்டாவது என்பதால் அது கண்ணோட்டம். கண் ஓடிப்போய் அவரைத் தொட்டுவிட்டது, தொட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கண்ணுக்கு நகை எது என்றால் கண்ணோட்டம்தான், அது இல்லாவிட்டால் அந்தக் கண்ணைப் புண் என்றுதான் சொல்லவேண்டும் என்கிறது 575-ஆம் குறள். கண்ணைப் புண் என்று வள்ளுவர் சொல்லும் இன்னொரு இடம் நமக்கு நன்றாகத் தெரியும்: கல்லாதவர் முகத்தில் இருப்பவை இரண்டு புண்கள் என்கிற 393. பள்ளிக்கூடச் சுவர்களில் அந்த இரண்டாவதைத்தான் எழுதிப் போட்டோம். படிக்காதவர் கண் புண் என்று பிள்ளைகளுக்குச் சொன்ன அளவுக்கு, இரங்காதவர் கண்ணும் புண்தான் என்று சொன்னோமா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

வள்ளுவர் கண்ணை எங்கும் ஓடவிடச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறளிலேயே "ஓர்ந்துகண் ணோடாது" என்று வருகிறது. நீதி வழங்கும் இடத்தில் யார்மேலும் கண் ஓடக்கூடாது. வழக்கை விசாரிக்கும்போது எதிரே நிற்பவன் தெரிந்தவனாயிற்றே என்று கண் நெகிழ்ந்தால் முறை கெட்டுவிடும். அதே சமயம், காரியம் கெடாமல் கண்ணோட வல்லவர்களுக்கு இந்த உலகமே உரியது என்று 578-இல் சொல்கிறார். ஓர் அலுவலக மேசைக்கு முன்னால் மனுவோடு நின்ற எவருக்கும் இந்த இரண்டு குறளுக்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரியும். நான் ஒருமுறை அம்மாவின் ஓய்வூதியத்துக்காக ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்டேன். மூன்று தடவையும் அந்த மனிதர் காகிதத்தைத்தான் பார்த்தார். கண்ணை எடுத்து அம்மாவைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார் என்று அம்மா இன்றும் நம்புகிறார்.

"கண்ணெடுத்தும் பார்க்கவில்லை" என்ற அந்தப் பேச்சுவழக்கில்தான் பழைய கண்ணோட்டம் மிச்சமிருக்கிறது. எழுத்தில் அந்தச் சொல் கருத்து, கோணம் என்ற பக்கம் நகர்ந்துபோனது. பேச்சிலோ "ஐயா, கொஞ்சம் கண் பாருங்க" என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரங்குங்கள் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. "முருகன் இப்பத்தான் கண்ணைத் திறந்து பார்த்திருக்கான்" என்று பெண்ணுக்கு வரன் அமைந்த வீட்டில் சொல்வதும், கடைக்கண் பார்வை கேட்பதும் இதுவேதான். 580-ஆம் குறளில் நாகரிகம் என்ற சொல்லும் இந்தக் கண்ணோட்டத்தைத்தான் குறிக்கிறது. பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும், மறுக்க மனம் வராமல் அதைக் குடித்துவிட்டு அமைதியாக இருப்பது நாகரிகமாம். அந்தச் சொல்லும் இன்று உடைக்கும் ஊருக்கும் என்று போய்விட்டது.

சரி, அடுத்தது கண்ணேறு. இதில் வரும் 'ஏறு' மேலே ஏறுவது இல்லை. எறிதல், தாக்குதல் என்ற பொருளில் வருகிற பழைய ஏறு. இடியேறு என்பதில் இருப்பது அதுதான். கண்ணால் எறிந்து தாக்குவது கண்ணேறு. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்ற பழமொழி கல்லையும் கண்ணையும் ஏன் ஜோடி சேர்த்தது என்பது இப்போது விளங்கும். இரண்டும் தூரத்திலிருந்து எறியப்படுபவை. யாழ்ப்பாணத்தில் கண்ணூறு, நாவூறு என்பார்கள். பார்வையால் வருவது ஒன்று, பாராட்டிப் பேசும் நாக்கால் வருவது இன்னொன்று. மற்ற இடங்களில் வடமொழிச் சொல்லான திருஷ்டி நின்றுவிட்டது, அதையும் திட்டி, திருட்டி என்று நம் வாய்க்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டோம்.

என் பாட்டி திருஷ்டி கழிக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அல்லது ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைத்த நேரம். உள்ளங்கையில் ஒரு பிடி கல்லுப்பு, ஏழு காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு, முச்சந்தியிலிருந்து எடுத்துவந்த ஒரு சிட்டிகை மண். பிள்ளையைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, இடப்பக்கம் மூன்று சுற்று, வலப்பக்கம் மூன்று சுற்று. சுற்றும்போது வாய் ஓடிக்கொண்டே இருக்கும்: "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளைக் கண்ணு, கொள்ளிக் கண்ணு..." பிள்ளையை மூன்று தடவை 'தூ தூ' என்று துப்பச் சொல்லி, எல்லாவற்றையும் அடுப்புத் தணலில் கொட்டுவார். உப்பு படபடவென்று வெடிக்கும். மிளகாய் நெடி ஏறினால் திருஷ்டி இல்லை, நெடி ஏறவில்லை என்றால் "பாத்தியா, எவ்வளவு கண்ணு" என்பார்.

அந்தப் பட்டியலில் 'நல்ல கண்ணு' ஏன் இருக்கிறது என்று வெகுநாள் புரியாமல் இருந்தது. பொறாமைக்காரன் கண்தானே கெடுக்கும்? உறவுக் கண்ணும் நல்ல கண்ணும் எதற்கு? பாட்டி சொன்ன பதில் இதுதான்: "ஆசையாப் பார்த்தாலும் படும்டா. பெத்தவ கண்ணுதான் மொதல்ல படும்." கெட்ட எண்ணத்தால் வரும் கேடு என்று கண்ணேறைச் சுருக்கிவிட முடியாது. கண் போய்த் தொடுவதே போதும், தொட்டது அன்பா பொறாமையா என்பது அடுத்த கேள்வி. குழந்தையின் கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டின் வேலையும் இதுதான். முதல் பார்வையை அந்தப் பொட்டு வாங்கிக்கொள்ளும், குழந்தைமேல் நேராகப் படாது. புது வீட்டு வாசலில் தொங்கும் பூசணிக்காய்க்கும், கட்டி முடியாத மாடியில் நிற்கும் வைக்கோல் பொம்மைக்கும், லாரியின் முன்னால் ஆடும் எலுமிச்சம்பழத்துக்கும் அதே உத்தியோகம். இதையெல்லாம் நம்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருந்தால் அது ஆபத்து. ஆனால் 'கண் பட்டுவிட்டது' என்ற தொடரைப் புரிந்துகொள்ள அந்தத் தணல் அருகில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும்.

இதே 'கண்', 'அடி' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து கண்ணடித்தல் என்றானால் குறும்பு. கண்ணடி பட்டால் படுக்கை, கண்ணடித்தால் காதல் அல்லது சண்டை.

போய்த் தொடுகிற கண்ணை அதிகாரத்தின் கையில் கொடுத்தால் அது கண்காணி. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் இந்தச் சொல் மேற்பார்வை செய்பவரைக் குறித்து வருகிறது. திருமந்திரத்தில் ஒரு பாட்டு முழுக்க இந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது: கண்காணி இல்லை என்று நினைத்துக்கொண்டு திருட்டுத்தனம் பல செய்கிறார்கள், யோசித்துப் பார்த்தால் கண்காணி இல்லாத இடமே இல்லை, எங்கும் கண்காணியாகக் கலந்து நிற்பவனைக் கண்டுகொண்டவர்கள் களவை விட்டார்கள் என்று. கடவுளுக்கு வைத்த பெயர் அது.

அந்தச் சொல் 19-ஆம் நூற்றாண்டில் கடல் தாண்டியது. இலங்கையின் மலையகத்தில் முதலில் காப்பித் தோட்டம், 1870-களில் காப்பியை நோய் அழித்த பிறகு தேயிலைத் தோட்டம். ஆள் பிடிக்கத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தவர் கண்காணி, நாக்கில் மருவிக் கங்காணி. தன் சொந்த ஊரிலேயே, சொந்தக்காரர்களையே திரட்டிப் போவார். வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். தோட்டத்தில் பெரிய கங்காணி ஒருவர், அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். அன்றன்றைக்கு வேலைக்கு இறங்கிய ஆள்கணக்குப்படி கங்காணிக்குத் தனிக் காசு. விடிகாலையில் தப்புப் பறைச் சத்தம் கேட்டதும், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும், அங்கே எண்ணி எடுக்கும் கண் அவருடையது. தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் துண்டுக்குப் பணம் கட்டுகிற தோட்டத்துக்கு ஆட்களை மாற்றிவிடலாம். அந்த முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் கங்காணி முறை இருந்தது. உதவிப்பணத்தோடு அங்கே ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடுத்தது.

திருமந்திரத்தில் இறைவனுக்கு நின்ற சொல் ஆங்கில அகராதியில் தோட்டத்து மேஸ்திரிக்கு நிற்கிறது. மலையகத்துக் குடும்பங்களில் கங்காணி என்ற சொல்லை இன்றும் எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள், அதில் ஒரு கசப்பு இருக்கும். நம் ஊரில் கங்காணி மறைந்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் கண்காணிப்புக் கேமராவும் இருக்கிறார்கள். தெருமுனையில் கம்பத்தின்மேல் இருக்கும் கேமராவை மூன்றாவது கண் என்கிறோம். கண்காணி இல்லாத இடமில்லை என்ற வரி இப்போது வேறு மாதிரி உண்மையாகிக்கொண்டு வருகிறது.

கவனமாகப் பார்ப்பதற்கு வீட்டில் சொல்லும் தொடர்கள் இவ்வளவு கசக்காது. "கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு" என்று தேர்வுத்தாளைத் திருப்பிப் பார்க்கும் பிள்ளையிடம் சொல்வோம். சூட்டுக்கும் எரிச்சலுக்கும் இமைமேல் விளக்கெண்ணெய் தடவிக்கொண்ட வழக்கத்திலிருந்து வந்த பேச்சாக இருக்கலாம். கண் குளிர்ந்தால் சோராமல் பார்க்கலாம் என்ற நம்பிக்கை. கடையில் வாங்கிய எண்ணெயைக் கண்ணுக்குள் விடுவது நல்லதில்லை, தொடரோடு நின்றுகொள்ளலாம். கண்கொத்திப் பாம்பு மாதிரி காத்திருப்பது இன்னொன்று. அந்தப் பாம்பு நம் வேலியோரத்துப் பச்சைப் பாம்புதான். மெலிந்து, கொடிபோல, கூர் மூக்கோடு, அசையாமல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பல்லியும் தவளையும்தான் அதன் இரை. அதன் விஷம் லேசானது, மனிதரைக் கொல்லாது. கண்ணைக் கொத்தும் என்பது பொய். கிடையாக நீண்ட கண்மணியால் முன்னால் இருப்பதைக் கூர்ந்து பார்க்கிற, பாம்புகளில் அபூர்வமான பார்வை அதற்கு உண்டு. அந்தப் பார்வையைப் பார்த்துப் பயந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. சிங்களத்திலும் அதற்குக் கண்ணைப் பிடுங்குவது என்ற பொருளில்தான் பெயர், அந்தச் சிங்களப் பெயரே அதன் அறிவியல் பெயரிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு தொடருக்காக எத்தனை பச்சைப் பாம்புகள் கம்பால் அடிபட்டுச் செத்திருக்கும்! பெயரைச் சொல்லிக்கொள்ளட்டும், பாம்பை விட்டுவிடலாம்.

கோபத்துக்குக் கண் சிவக்கிறது, பசிக்குக் கண்ணில் பூச்சி பறக்கிறது, திருட்டு முழிக்குப் பெயரே முழிதான். இவற்றையெல்லாம் உடம்பே சொல்லிக்கொடுத்திருக்கிறது, விளக்கம் தேவையில்லை. கண் துடைப்பு மட்டும் ஒரு நிமிஷம் நிற்கவைக்கிறது. ஒருவர் கண்ணீரைத் துடைத்தால் அது ஆறுதல். அதிலிருந்து 'நீர்' மட்டும் போய்க் கண் துடைப்பு ஆகிவிட்டால் அது ஏமாற்று. விசாரணைக் குழு அமைத்ததெல்லாம் கண் துடைப்பு என்று செய்தியில் படிக்கும்போது, துடைப்பதற்கு அங்கே கண்ணீர் இருந்தது, துடைக்காமலே கை எடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குக் கேட்கும்.

இதுவரை சொன்னது பார்க்கிற கண். பார்க்காத கண்களும் தமிழில் ஏராளம். மாமா ஊரில் ஒரு சித்திரை மாதம் கிணறு தூர் வாரினார்கள். அறுபது அடி ஆழம், பாறைக் கிணறு. மூன்று நாள் சேறு அள்ளி மேலே கொட்டிய பிறகு, கீழே நின்றவர் தென்மேற்கு மூலையில் பாறை இடுக்கைக் கடப்பாரை நுனியால் நோண்டினார். முதலில் ஈரம் கசிந்தது. பிறகு களிமண் உருண்டை ஒன்று பெயர்ந்து விழுந்தது, அதன் பின்னால் விரல் தடிமனில் தண்ணீர் பீய்ச்சியது. "கண்ணு தொறந்துருச்சு மாமோய்!" என்று கீழேயிருந்து குரல். மேலே நின்ற எல்லோரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தோம். அந்தத் தண்ணீரை மாமா ஒரு சொம்பில் ஏற்றி வாங்கி, முதலில் சூரியனைப் பார்த்து ஊற்றிவிட்டுப் பிறகுதான் குடித்தார்.

ஊற்றுக்கண் என்பதில் கண் ஒரு திறப்பு. உள்ளே இருப்பது வெளியே வரும் இடம். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஏரிகளுக்குக் கண்மாய் என்று பெயர். கண்வாய் மருவிக் கண்மாய் ஆனது என்பார்கள். தேங்காய்க்கு மூன்று கண், அதில் இரண்டு கெட்டி, ஒன்றுதான் மெத்தென்று இருக்கும், முளை வருவதும் அதன் வழியாகத்தான். நுங்கில் கட்டை விரலை விட்டுக் குடைவது கண்ணில்தான். சல்லடைக்குக் கண், வலைக்குக் கண்ணி, சங்கிலியின் வளையம் ஒவ்வொன்றும் கண்ணி, பறவைக்கு வைக்கும் சுருக்கும் கண்ணி. அந்தச் சுருக்கிலிருந்துதான் கண்ணிவெடி வந்தது. கொல்லம் செங்கோட்டை ரயில் பாதையில் தென்மலைக்குப் பக்கத்தில் பதிமூன்று வளைவு கொண்ட ஒரு கல் பாலம் இருக்கிறது, அந்த வளைவுகளை மலையாளத்தில் கண்ணறை என்கிறார்கள். புறநானூற்றில் கிணைப்பறைக்கும் கண் உண்டு, தெளிந்த ஓசை எழுகிற அதன் முகம் 'தெண்கண்'.

இன்னும் ஒரு படி மேலே போய், இடம் என்பதற்கே கண் என்று இலக்கணத்தில் பெயர். தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குக் கண் வேற்றுமை என்றே பெயர் வைக்கிறது. "வன்பாற்கண் வற்றல் மரம்" என்று குறளில் வருவது பாலைநிலத்தில் என்று பொருள்படும். நாம் இன்று 'இல்' போட்டு எழுதுகிற இடங்களில் அன்று 'கண்' நின்றது. பார்வை எங்கே போய்ப் படுகிறதோ அது ஓர் இடம் என்று முன்னோர் நினைத்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும்.

கண்ணை மூடுதல் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. "கண்ணை மூடி முழிக்கிறதுக்குள்ள" என்றால் வேகம். "கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டான்" என்றால் நம்பிக்கை அல்லது அசட்டுத்தனம். "பெரியவர் கண்ணை மூடிட்டார்" என்றால் மரணம். உயிர் போனதும் பக்கத்தில் இருப்பவர் முதலில் செய்வது இமையை விரலால் இழுத்து மூடுவது. கண் தானம் செய்ய விரும்பும் குடும்பத்துக்கு மருத்துவர்கள் சொல்வதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது: இமையை மூடுங்கள், மேலே ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும், உடனே கண் வங்கியைக் கூப்பிடுங்கள். கருவிழித் தழும்பால் கண்ணில் பூ விழுந்தவர்கள் பலருக்குப் பார்வை திரும்ப அந்தக் கருவிழிதான் வழி.

இப்படி மரணம் வந்து உட்கார்ந்துவிட்ட தொடரைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? "கண்ணை மூடித் தூங்கு" என்று 'தூங்கு' சேர்த்துச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்து "பாப்பா கண்ணை மூடிட்டா" என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாக்கு வராது. "கண் அசந்துட்டா" என்பார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் அமர்த்து, குளிர வை என்று சொல்கிற அதே பயம். தாலாட்டில் இதற்கு இன்னும் அழகான வினை இருக்கிறது: கண்வளர். வைணவர்கள் திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளையும் 'கண்வளர்ந்தருளுகிறார்' என்பார்கள். மூடுவதும் இல்லை, அயர்வதும் இல்லை, வளர்வது. தூக்கத்தில்தான் பிள்ளை வளரும் என்று ஊரில் சொல்வது இந்தச் சொல்லுக்குள் ஏறிக்கொண்டதா, இல்லை மூடு என்ற சொல்லைத் தவிர்க்கத் தேடியபோது இது கிடைத்ததா, இரண்டும் சேர்ந்தேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த மருத்துவமனையில், அறுவைக்கு மறுநாள் காலை கண் கட்டைப் பிரித்தபோது உசிலம்பட்டிப் பாட்டி முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு மருந்து விட்ட பெண்ணைப் பார்த்தார். "நீதானா அது? குரலை வச்சு வயசானவன்னு நெனச்சேன்" என்றார். பிறகு என் அம்மாவின் பக்கம் திரும்பி, இன்னும் கண் கட்டைப் பிரிக்காமல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் செத்த நேரந்தான், பயப்படாத" என்றார்.